தீங்கு நேராவிடில் குற்றமும் இல்லையா?

ஒருவர் தம் கடமையில் சோர்ந்திருந்தார். ஆயினும் எவருக்கும் ஊறு நேரவில்லை. அவரிடம் குற்றம் உண்டா? உலகம் பெரும்பாலும் விளைவை நோக்கியே தீர்ப்புக் கூறுகிறது. அது போதுமா என்பதை இங்குச் சிந்திப்போம்.

2014 ஆகஸ்டு 8ஆம் நாள், மும்பையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம் துருக்கி வான்வெளியில் ஏறத்தாழ 5,000 அடி தாழ்ந்துவிட்டது. தலைமை விமானி விதிகள் இடந்தரும் ஓய்வில் உறங்கினார். துணை விமானியின் கவனம், பறப்புக்குரிய குறிப்புகள் அடங்கிய கைக்கணினியில் இருந்தது. தரைக் கட்டுப்பாட்டினரே எச்சரித்தனர். பயணிகள் நலமாகச் சென்று சேர்ந்தனர். விமானிகள் இருவரும் பணியினின்று நிறுத்தி வைக்கப்பட்டனர்.

இதற்கு முன்னர், 2009 அக்டோபரில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இறங்கவேண்டிய நார்த்வெஸ்ட் நிறுவன விமானம் அந்நகரைக் கடந்து நூறு மைலுக்கு மேல் சென்றுவிட்டது. விமானிகள் மடிக்கணினியில் புதிய பணிப்பட்டியல் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒரு மணி நேரத்துக்கு மேல் வானொலித் தொடர்பே இல்லை. அங்கும் உயிர்ச்சேதமில்லை, உரிமங்கள் பறிக்கப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எவரும் கேளிக்கையில் ஈடுபடவில்லை என்பது நோக்கத்தக்கது. பணி தொடர்பானதையே பார்த்தனர். ஆயின் அந்நேரத்திற்குரிய கடமை எதுவோ அது மறக்கப்பட்டது. "வேலைக்காகத்தானே பார்த்தேன்" என்னும் விடை ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் போக்குதல் என்று மட்டும் கூறாமல் பிரமாதத்தை முன்வைத்தார். பேச்சு வழக்கில் பாராட்டாகிவிட்ட இச்சொல்லின் மூலப்பொருள் கவனமின்மை என்பதாகும். விழிப்புடன் ஒழுகுபவரால் தற்செயலாய் ஓருயிர் மாயினும் அது ஹிம்சையாகாது என்றும், ராகம் முதலியவற்றிற்கு வயப்பட்டவரிடம் உயிர் மாண்டாலும் மாளாவிடினும் ஹிம்சை உண்டு என்றும் புருஷார்த்த சித்யுபாயம் தெளிவாக்குகிறது. திருக்குறளும் பொச்சாவாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தது.

அவ்வாறாயின் தீங்கு செய்தவரும் செய்யாதவரும் ஒன்றா? அரசின் சட்டம் விளைவை எடைபோடலாம்; இழந்தவர்க்கு ஈடு செய்யும் பொறுப்பு அதற்கு உண்டு. ஆன்மாவின் கணக்கோ சோர்வு நிகழ்ந்த கணத்திலேயே எழுதப்படுகிறது. பிறர் தப்பியது அவர்தம் நல்வினை; அதனை நம் குணமாகக் கொள்ளலாகாது.

விமானம் ஓட்டுபவர் நம்மில் சிலரே. ஆனால் வண்டலூர்ச் சாலையும் பழைய மகாபலிபுரம் சாலையும் கூடும் கேளம்பாக்கத்தில், ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் வண்டியுமாகச் செல்வோர் பலர். வண்டி ஓட்டுகையில் கைப்பேசியைக் கையிலேந்திப் பயன்படுத்துவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. நம் முனிவர்கள் நடக்கும்போதும் முன்னே நான்கு முழ நிலம் நோக்கி அடியெடுத்து வைக்கின்றனர். எறும்பைக் காக்க அத்துணை விழிப்பு வேண்டுமெனில், மனிதரைச் சுமந்து விரைபவர்க்கு எத்துணை வேண்டும்!

மாலைக்குப் பின் உண்ணாமை நோற்கும் இல்லங்களில், வண்டியில் அமர்ந்தபின் கைப்பேசியைத் தொடாமையும் ஒரு நியமமாக அமையட்டும்.