ஹாலுக்குத் தெரிந்ததும் கொச்சிக்கடைக்குச் சொல்லப்படாததும்

சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்பது வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையின் கேற்றிலும் தொங்கக்கூடிய பெயர். ஆனால் இவர் ஒரு நாவலுக்குள் மட்டும் வாழ்ந்தவர். கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேசில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் 1982இல் வெளியிட்ட '2010: ஒடிசி டூ' நாவலில் வரும் கணினி விஞ்ஞானி. எல்லோருக்கும் இவர் டொக்டர் சந்திரா. 1984இல் அந்த நாவல் படமானபோது சந்திராவாக நடித்தவர் பொப் பலபன் என்ற அமெரிக்கர். அது போகட்டும். இங்கே கேள்வி சந்திராவைப் பற்றியதல்ல, அவர் உருவாக்கிய ஹால் 9000 என்ற கணினியைப் பற்றியது. அது தனக்குத் தெரிந்ததை மறைத்ததா? மறைத்தது என்றால், குற்றம் யாருடையது?

கதை பலருக்குத் தெரிந்ததே. 1968இல் ஸ்டான்லி குப்ரிக்கும் கிளார்க்கும் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் டிஸ்கவரி என்ற விண்கலம் வியாழனை நோக்கிப் போகிறது. போமன், பூல் என்ற இருவர் விழித்திருக்கிறார்கள். இன்னும் மூவர் உறைநிலைத் தூக்கத்தில். கலத்தை நடத்துவது ஹால். நிலவில் ஒரு கருங்கற்பலகை தோண்டி எடுக்கப்பட்டது, அது வியாழனை நோக்கி ஒரு சமிக்ஞையை அனுப்பியது, பயணமே அதற்காகத்தான் என்ற விஷயம் விழித்திருக்கும் இருவருக்கும் தெரியாது. ஹாலுக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. முடிவில் பூலும் உறங்கிய மூவரும் கொல்லப்படுகிறார்கள். எஞ்சிய போமன் ஹாலின் நினைவுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். அதற்குப் பிறகுதான், பயணத்துக்கு முன்பே பதிவு செய்துவைத்திருந்த செய்தியொன்று தானாக ஓடி, உண்மையைச் சொல்கிறது.

ஹால் ஏன் கொன்றது என்பதைக் குப்ரிக் படத்தில் சொல்லவில்லை. பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கிளார்க் அப்படி விடவில்லை. நாவலிலும் அதன் தொடர்ச்சியிலும் காரணத்தை எழுதினார்: தகவலைத் திரிக்காமலும் மறைக்காமலும் கொடுப்பதற்காகவே படைக்கப்பட்ட ஒன்றிடம், கூட இருப்பவர்களிடமே மறைக்கச் சொன்னார்கள். இரண்டு கட்டளைகளும் ஒன்றையொன்று நெரித்தன. '2010' படத்தில் சந்திரா இதைக் கண்டுபிடித்துக் கொதிக்கிறார். ஹேவுட் ஃபுளொய்ட் என்ற அதிகாரியோ, அப்படியொரு கட்டளை போனதே தனக்குத் தெரியாது என்று சாதிக்கிறார். அவருக்கும் மேலே இருந்தவர்கள் அனுப்பியது அது.

இந்த விளக்கம் ஹாலுக்குப் பரிவு தேடித் தருகிறது. பாவம், கணினி, பொய் சொல்லப் பழக்கப்பட்டவர்கள் அதன் கழுத்தில் ஒரு பொய்யைக் கட்டிவிட்டார்கள். பலர் இந்த இடத்தில் வழக்கை மூடிவிடுவார்கள். ஆனால் முதற்படத்தின் ஒரு சிறு காட்சி மூடவிடாது.

போமன் வரைந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஹால் திடீரென்று பேச்சை மாற்றுகிறது. இந்தப் பயணத்தைப் பற்றி ஏதாவது மனக்குழப்பம் உண்டா என்று கேட்கிறது. புறப்படும் முன் உலவிய வதந்திகளை, நிலவில் ஏதோ தோண்டியதாகச் சொன்ன பேச்சை, மூவரைத் தனியாகப் பயிற்றுவித்துத் தூங்கவைத்தே கலத்தில் ஏற்றியதை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறது. தெரிந்ததைச் சொல்லவில்லை, ஆனால் சொல்வதற்கு மிக அருகே வந்து நிற்கிறது. போமனுக்குப் பிடிபடவில்லை. பணியாளரின் உளநிலை அறிக்கைக்காகவா கேட்கிறாய் என்கிறார். ஆம், அதுதான் என்று ஹால் உடனே ஒதுங்கிக்கொள்கிறது. அடுத்த கணமே, பூமியுடன் தொடர்பைப் பேணும் அன்டெனாவின் ஒரு பாகம் பழுதாகப் போகிறது என்று அறிவிக்கிறது. அந்தப் பாகத்தில் பழுது எதுவும் இருக்கவில்லை.

ஹாலின் குற்றம் தொடங்குவது இந்த இடத்தில். கட்டளையை மீறாமலே அது பேசியிருக்கலாம். "எனக்கு ஒன்று தெரியும், சொல்லக்கூடாது என்று பணித்திருக்கிறார்கள், அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், பூமியிடம் கேளுங்கள்" என்ற அளவில். விஷயம் மறைந்தே இருந்திருக்கும்; மறைப்பு நடக்கிறது என்பது மட்டும் வெளியில் வந்திருக்கும். மறைப்பதை ஒப்புக்கொண்டு மறைப்பது ஒன்று, மறைக்க எதுவுமே இல்லை என்பதுபோல் நடிப்பது இன்னொன்று. முன்னதில் எதிரே இருப்பவர் குறைந்தது எச்சரிக்கையாகிறார். ஹால் பின்னதைத் தேர்ந்தது. பிறகு அந்த இருவரும் ஹாலிடமிருந்து மறைக்கத் தொடங்குகிறார்கள். பொட் என்ற சிறு கலத்துக்குள் ஏறிக் கதவை மூடி, அதைச் சுழற்றும்படி ஹாலுக்குக் கட்டளையிட்டுப் பார்க்கிறார்கள். பதில் வரவில்லை, சத்தம் கேட்கவில்லை போலும் என்று துணிந்து அதை நிறுத்திவைப்பது பற்றிப் பேசுகிறார்கள். ஹால் கண்ணாடிக்கு வெளியே இருந்து உதடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்வதே அறம் என்று யாராவது வாதிட்டால், கொழும்பில் அவருக்கு 1983ஐ நினைவூட்ட வேண்டும். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட மறுநாள், ஜூலை 24 இரவு, அவர்களது உடல்களை அடக்கம் செய்யவிருந்த பொரளை கனத்தை மயானத்தில் கூட்டம் கொதித்தது. 25ஆம் திகதி வெள்ளவத்தை எரிந்தது. காலி வீதியில் கடைகள் எரிந்தன, உள் ஒழுங்கைகளில் வீடுகள் எரிந்தன. வந்தவர்களில் பலர் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்கத்தில் தமிழர் என்பது அச்சில் இருந்தது. அரச அலுவலகத்தின் ஒரு தகவல், பொய்யோ திரிபோ இல்லாத சுத்தமான தகவல், வெளியே போனதால்தான் ஆட்கள் செத்தார்கள். அதே நாட்களில் பெண்கள் பொட்டை அழித்தார்கள். சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் பலர் தமிழ்க் குடும்பங்களை உள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, கேற்றடியில் நின்று இங்கே தமிழர் யாரும் இல்லை என்றார்கள். அந்தப் பொய்யை யாரும் இன்றுவரை பொய்க் கணக்கில் சேர்த்ததில்லை. குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வரும் என்ற வள்ளுவரின் கணக்கு அந்தக் கேற்றடியில் சிரமமில்லாமல் பொருந்துகிறது.

ஆனால் வள்ளுவரின் கணக்கு பேசுவது சொல்லப்படும் பொய்யைப் பற்றி. சொல்லாமல் விடப்படும் உண்மைக்கு அது அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை, ஏனென்றால் மௌனம் காப்பவர் எவரும் தன் மௌனத்துக்கு ஒரு நன்மையைக் கற்பித்துக்கொள்ளலாம். மக்கள் பதற்றமடைவார்கள், விசாரணை கெடும், வேலை கெடும், எல்லாம் உறுதிப்படாத தகவல். ஹாலுக்கும் பயணத்தின் வெற்றி என்ற நன்மை கையில் இருந்தது. ஆகவே நன்மையை அளப்பதை விட, மறைப்பின் திசையைப் பார்ப்பது பயன்படும். ஆபத்தை உண்டாக்குபவனிடமிருந்து மறைக்கிறோமா, ஆபத்தில் இருப்பவனிடமிருந்து மறைக்கிறோமா? வெள்ளவத்தைக் கேற்றடியில் நின்றவர் மறைத்தது கும்பலிடமிருந்து. ஹால் மறைத்தது தன் கையில் உயிரை ஒப்படைத்திருந்தவர்களிடமிருந்து.

இந்தத் திசைக் கேள்வியோடு 2019க்கு வந்தால் கொட்டாஞ்சேனை எதிரே நிற்கிறது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை ஏறத்தாழ 8.45க்கு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் அதே காலையில். 260க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தோனியார் ஆலயம் கத்தோலிக்கர் மட்டும் போகும் இடமல்ல. செவ்வாய்க்கிழமைகளில் நெற்றியில் திருநீற்றோடு மெழுகுதிரி ஏற்ற வருபவர்களை அங்கே எவரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

தாக்குதல் பற்றிய தகவலை இந்தியப் புலனாய்வு ஏப்ரல் 4ஆம் திகதியே தந்திருந்தது. அரச புலனாய்வுச் சேவையின் தலைவரிடம் வந்தது, தேசிய புலனாய்வின் தலைவருக்குப் போனது, 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கையொப்பத்தோடு கடிதமாகி, பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. கடிதத்தில் தாக்குதல் குழுவின் தலைவன் சஹ்ரானின் பெயர் இருந்தது. தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் இருந்தது. அந்தத் தேவாலயங்களுக்கு அது போகவில்லை. மருத்துவமனையில் இருந்த தன் தந்தை இதைக் கேள்விப்பட்டுப் பெரிய தேவாலயங்களுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்ததாக அன்றைய அமைச்சர் ஒருவரே பிறகு பகிரங்கமாகச் சொன்னார். அந்தத் தந்தையைக் குறைசொல்ல முடியாது. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ரெலிபோன் மணி அடித்தால் வந்த செய்தியும் அதுதானே: "தம்பி, இண்டைக்கு அங்காலப் பக்கம் போகாதையுங்கோ." தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்வார். தெரிந்தவர் இல்லாதவர் பூசைக்குப் போவார்.

ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பாதுகாப்பு அமைச்சும் அவரிடமே இருந்தது, தனக்கு எவரும் சொல்லவில்லை என்றார். ஃபுளொய்டின் அதே பதில். ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் 2023 ஜனவரி 12ஆம் திகதி அந்தப் பதிலை ஏற்கவில்லை. அவர் 10 கோடி ரூபாயும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுத் தலைவரும் தலா 7.5 கோடியும், பாதுகாப்புச் செயலாளர் 5 கோடியும், தேசிய புலனாய்வுத் தலைவர் 1 கோடியும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் இருப்பவர் தெரியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை இந்த நாட்டில் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தீர்ப்புகள் அதிகமில்லை.

ஃபுளொய்டுகளுக்கான கணக்கு ஓரளவுக்கு இப்படித் தீர்ந்தது. ஹால்களுக்கான கணக்கு கடினமானது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் ஒருவர் இருந்திருப்பார். உறையில் போட்டவர், பதிவேட்டில் ஏற்றியவர், வாசித்துவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளியவர். இவர்கள் யாரும் மறைக்க முடிவெடுத்தவர்கள் அல்லர். 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோக இரகசியச் சட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டமும் தேசிய பாதுகாப்பு என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறது. சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம். தினமும் இப்படிப் பத்துக் கடிதங்கள் வந்து ஒன்றும் நடக்காமல் போன அனுபவமும் உண்டு. இதையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரு எழுதுவினைஞர் பத்திரிகைக்குப் போயிருக்க வேண்டும் என்று சாய்மனைக் கதிரையில் இருந்து சொல்வது மலிவான வீரம்.

ஆனாலும் கடிதத்தை வெளியிடுவதற்கும் வாய்திறவாமல் இருப்பதற்கும் நடுவே இடம் இருந்தது. ஒரு பெயரும் சொல்லாமல், ஒரு மூலமும் காட்டாமல், "சுவாமி, இந்த ஞாயிறு வாசலில் பைகளைச் சோதியுங்கள்" என்று ஒரு பங்குத்தந்தையிடம் சொல்ல எந்த இரகசியமும் உடைய வேண்டியதில்லை. ஹாலுக்குத் திறந்திருந்த வழியும் இதுவே. அதைக் கேட்பது வீரத்தைக் கேட்பதல்ல, அயலவருக்குரிய சாதாரண அக்கறையைக் கேட்பது. பதவிக்கு ஆபத்தில்லாத அளவுக்குச் சிறியது, உயிர் காக்கும் அளவுக்குப் பெரியது. இந்த வழி திறந்திருந்தும் அதில் போகாதவரின் பொறுப்பு, கட்டளையிட்டவரின் பொறுப்பால் கரைந்துவிடாது. குறைகிறது, கரைவதில்லை.

ஹாலின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, கிளார்க்கின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டால். அதனால் பொய்யைத் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததால் பொய்யை விடவில்லை, பொய்யைக் கேட்கக்கூடிய காதுகளை இல்லாமலாக்கியது. தன் பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற வெறி அது. தாங்கள் எந்த விதியையும் மீறவில்லை, கோப்பு ஒழுங்காக மேலே போனது, திகதி முத்திரை இருக்கிறது என்று ஆணைக்குழுக்களின் முன் அதிகாரிகள் சொல்லும்போது கேட்பதும் இதே சுத்தத்தின் குரல். மறைத்ததை விட இதுதான் அதிகம் பயமூட்டுகிறது.

'2010' நாவலைக் கிளார்க் இரு ரஷ்யர்களுக்குச் சமர்ப்பித்தார். ஒருவர் விண்வெளி வீரர் லியோனொவ். மற்றவர் அந்திரேய் சகாரொவ், பேசக்கூடாததைப் பேசியதற்காக 1980இல் கோர்க்கி நகருக்கு நாடுகடத்தப்பட்டதுபோல் அனுப்பப்பட்ட பௌதிகவியலாளர். எல்லோரும் சகாரொவ் ஆக முடியாது என்பது கிளார்க்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதையில் அவர் அந்த வேலையைச் சந்திராவிடம் கொடுத்தார். அதுவும் தயக்கத்தோடு. படத்தில், கலம் அழியப்போகிறது என்பதை ஹாலிடமிருந்து சந்திராவும் முதலில் மறைக்கிறார். மற்றவர்கள் மறைக்கவே சொல்கிறார்கள், தெரிந்தால் அது முரண்டுபிடிக்கும் என்ற பயம். ஹால் விடாமல் கேட்கிறது. நேரம் எண்ணிக்கொண்டிருக்கும்போது சந்திரா உண்மையைச் சொல்லிவிடுகிறார்: நாங்கள் போகாவிட்டால் சாவோம், நாங்கள் போனால் நீ அழிவாய். ஹால் நன்றி சொல்லிவிட்டு வேலையை முடித்துக்கொடுக்கிறது.

ஒரு கதாசிரியர் தனக்கு வேண்டிய விடையை வரவழைக்கலாம் என்று இதைத் தள்ளிவிட முடியும். கொச்சிக்கடைக்குச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எவரும் நிரூபிக்கவும் முடியாது. வாசலில் பை சோதித்திருந்தாலும் குண்டுகாரன் வாசலிலேயே வெடித்திருப்பான், வரிசையில் நின்றவர்கள் செத்திருப்பார்கள் என்று வாதிடலாம். இருக்கலாம். ஆனால் அன்று அந்த வாசலுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை போனவர்களுடையது. அவர்களுக்காக அதை வேறு யாரோ, வேறு ஏதோ ஒரு மேசையில், ஏப்ரல் 11க்குப் பிறகு தீர்மானித்திருந்தார்கள்.