திதி தெரியாதவர்

ஆடி அமாவாசையன்று விடிவதற்கு முன்பே அப்பா என்னை எழுப்பிவிடுவார். சிலியாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போர்டிக்சன் கடற்கரைக்குத் தெரிந்தவர் ஒருவரின் லாரியில் பின்னால் நின்றுகொண்டே போவோம். அம்மா கொடுத்துவிட்ட பையில் எவர்சில்வர் செம்பு, வெற்றிலையில் மடித்த கறுப்பு எள், பச்சரிசி மாவு, இரண்டு வாழைப்பழம். அலை தொடும் இடத்துக்குச் சற்று மேலே மணலில் பூசாரி உட்கார்ந்திருப்பார்.

“பேரு சொல்லுங்க.”

அப்பா தன் தகப்பனார் பெயரைச் சொல்வார்.

“என்ன திதி?”

“தெரியாதுங்க சாமி. சயாமுக்குப் போனவரு.”

பூசாரி அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை. அடுத்து வந்து உட்காருகிறவரும் பல நேரம் அதே பதிலைத்தான் சொல்வார். திதி தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசை என்று நம் முன்னோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் இத்தனை பேர் வந்து உட்காருவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு ஐந்து வயதில், 1943இல், சயாமில் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றபோது தோட்டத்துக் கிராணி பெயர் வாசித்தாராம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, அரிசி உண்டு என்று சொன்னார்களாம். வேறு தோட்டங்களில் இலவசப் படம் காட்டுவதாகக் கூப்பிட்டு, படம் முடிந்ததும் லாரியில் ஏற்றியதாகப் பாட்டி சொல்வாள். தாத்தா மரவள்ளிக்கிழங்கு வேகும் வரை காத்திருக்கவில்லை. “வந்து சாப்பிட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டி அந்த ஒரு வாக்கியத்தைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். காலில் ஆறாத புண்ணோடு வந்த ஒருவர், வாந்திபேதி முகாமில் தாத்தாவைப் பார்த்ததாகச் சொன்னார். செத்ததைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, இனி வரமாட்டான் என்று ஒரு நாளைக் குறித்தார்கள். அதைத் திதியாக வைத்துக்கொள்ளப் பாட்டி ஒப்பவில்லை. “நீங்க சொன்ன நாளு. அவரு செத்த நாளு இல்ல” என்றாளாம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் நாள் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அப்பாவும் போன பிறகுதான் அதன் கனம் எனக்குப் புரிந்தது.

போன ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுத்த கையோடு லுக்குட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். போர்டிக்சனிலிருந்து சிறிது தூரம்தான். மேலே குன்றில் ராஜா ஜுமாட் 1847இல் கட்டிய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. ஆனால் நான் நின்றது கீழே, நாசாவ் என்ற டச்சுக் கப்பலிலிருந்து எடுத்தவற்றின் முன்னால். 1606இல் மலாக்காவை முற்றுகையிட்டிருந்த டச்சுத் தளபதி மாட்டெலீஃப், பதினொரு கப்பல்களோடு வந்தவர். மலாக்காவைக் காப்பாற்றக் கோவாவிலிருந்து போர்த்துகீசிய வைஸ்ராய் மார்ட்டிம் அஃபோன்சோ டி காஸ்ட்ரோ பெரும் படையோடு புறப்பட்டு வந்தார். ஆகஸ்ட் 16 அன்று தஞ்சோங் துவான் முனைக்கு அப்பால் மோதத் தொடங்கினார்கள். நாசாவ் தீப்பிடித்து மூழ்கியது. அதே மோதலில் டச்சுக்காரர்களின் மிடில்பர்க்கும் போர்த்துகீசியரின் இரண்டு கப்பல்களும் ஒன்றோடொன்று சிக்கி, பிரிய வழியில்லாமல் சேர்ந்தே எரிந்தன. நாசாவின் உடைசலை 1993இல் கண்டுபிடித்து 1995இல் அகழ்ந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பீரங்கிக் குண்டையும் பானை ஓட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பானை ஓட்டின் உள்பக்கம், கழுவாத சட்டியில் இருப்பது போல ஒரு கறை. யாரோ சமைத்தது. என் மனம் ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டது. நானூறு வருடத்துக்கு முன்பு எரிந்த கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, தளபதிக்குப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. என் தாத்தா செத்து எண்பது வருடம்தான் ஆகிறது. மாதம்கூடத் தெரியாது.

அங்கிருந்து தஞ்சோங் துவானுக்குப் போய்க் காட்டுப் பாதையில் ஏறினேன். மார்ச் மாதமானால் இங்கே கூட்டம் இருக்கும். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் பருந்துகளைப் பார்க்க வருவார்கள். அன்று யாரும் இல்லை. கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றால் கடல் முழுவதும் தெரிகிறது. மூன்று கப்பல் ஒன்றாக எரிந்த நீரைக் குறித்துக் காட்ட ஒன்றும் இல்லை. கடல் தன் மேல் எதையும் எழுத விடுவதில்லை. எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

போர் நடந்த இடத்துக்குப் போகிறவன் அங்கே என்ன செய்ய வேண்டும்? இது எனக்கு விளையாட்டான கேள்வி இல்லை. ஆசிரியராக இருந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை எத்தனையோ முறை போர்டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். முற்றத்தில் நிற்கும் பீரங்கிகளுக்கும் டாங்கிகளுக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே மலாய்ப் படைப்பிரிவின் கதை. 1933 மார்ச் 1 அன்று இதே ஊரில் 25 பேரோடு தொடங்கியது அது. இங்கே பயிற்சி எடுத்த அட்னான் சைடி 1942 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூரின் புக்கிட் சண்டுவில் கடைசி வரை நின்று செத்தார். அந்தத் தேதியை நான் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருடைய கொள்ளுத்தாத்தாக்களும் என் தாத்தா போன வழியில் போனவர்கள். ஒருநாள்கூட அதை நான் வகுப்பில் சொன்னதில்லை. பாடத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

அந்த அருங்காட்சியகத்தில் அவசரகாலமும் வருகிறது. 1948 முதல் 1960 வரை. எங்கள் அம்மாவுக்கு அந்தச் சண்டை என்றால் லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலியும், காலையில் பால்வெட்டப் போகும்போது வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கும் காவல்காரரும்தான். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அந்த வருடங்களில் அவள் வெறும் வயிற்றில் பால் வெட்டினாள். அந்த லயம் இப்போது இல்லை. செம்பனை நிற்கிறது.

கடற்கரைக்குத் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்: இந்த மணலில் நடக்காமல் போன சண்டை ஒன்றும் உண்டு. 1945 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சுற்றில் உள்ள சிரம்பானில்தான் நேதாஜி இருந்தார். ஜப்பானோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்த தன் இந்திய தேசியப் படையின் (ஐ.என்.ஏ.) முகாமைப் பார்க்க வந்த இடத்தில், ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது. அந்த முகாமில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்துப் பிள்ளைகள். நான்கு வாரம் கழித்து, செப்டம்பர் 9 முதல், ஆங்கிலேயப் படை மோரிப்பிலும் போர்டிக்சனிலும் கரையேறியது. அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். திட்டம் போட்டதோ சண்டைக்கு. அதற்குள் ஜப்பான் பணிந்துவிட்டதால் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. செய்தி ஒரு மாதம் பிந்தியிருந்தால், ஆங்கிலேயச் சீருடையில் ஒரு தமிழனும் ஐ.என்.ஏ. சீருடையில் ஒரு தமிழனும் இந்த மணலில் எதிரெதிரே நின்றிருக்கலாம். விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடும் இடத்தில் இன்று கல்வரிசை நின்றிருக்கும். நடக்காத சாவுக்கு யாரும் கல் நடுவதில்லை. அந்த மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

நட்ட கல்லும் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. அதே 1945இல், ஜூலை 8 அன்று, சிங்கப்பூர் எஸ்பிளனேடில் மாண்ட ஐ.என்.ஏ. வீரர்களுக்காக நேதாஜி அடிக்கல் வைத்தார். சின்னம் எழுந்து சில வாரங்கள்தான். திரும்பி வந்த ஆங்கிலேயர் அதைத் தகர்த்துவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து 1995இல் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தார்கள்.

அப்பா இருந்தபோது ஒரே ஒரு முறை அவரைக் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போனேன். போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே உறங்குகிறார்கள். வெட்டி விட்ட புல், வரிசை பிசகாத தாழ்ந்த கற்கள், ஒவ்வொன்றிலும் உலோகத் தகடு: படை எண், பெயர், இறந்த நாள், வயது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும். குனிந்து குனிந்து தேதிகளைப் பார்த்துக்கொண்டே போனார். “ஜூன் 43... ஜூலை 43... ஜூலை...” பெரும்பாலும் அந்த மழைக்காலம்தான். காலரா பரவிய மாதங்கள். நான்காவது வரிசையில் நின்றுவிட்டார். “இந்தப் பயலுவலுக்கும் இருவது, இருவத்திரண்டுதான்டா வயசு” என்று மட்டும் சொன்னார். ஒரு கல்லின் மேல் விழுந்திருந்த சருகை எடுத்துப் போட்டார். அவருக்கு அங்கே யார் மேலும் கோபம் இல்லை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை; 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனையும் சேர்ந்தன. போர்க்கைதிகளில் செத்தவர் சுமார் 13,000 என்று கணக்கு இருக்கிறது. மலாயா, பர்மா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் 1,00,000 பேர் என்கிறார்கள். இந்தக் கணக்கின் இரண்டு முனைக்கும் நடுவில் 20,000 பேர் நிற்கிறார்கள். கைதிகளின் மொத்தச் சாவைவிட அது பெரிது. அந்த இடைவெளியில் எங்கேயோ தாத்தா இருக்கிறார், அல்லது இல்லை.

ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஜப்பானியப் படை 1944இல் எழுப்பிய நினைவுத் தூண் இருக்கிறது. அதைச் சுற்றிய சுவர்ப் பலகைகளில் ஒன்றில் தமிழ் எழுத்து. அந்த ஊரில் தமிழ் எழுத்தைக் கண்டதும் அப்பா முகம் மலர்ந்து, பிறகு வைத்தது யார் என்று நான் சொன்னதும் வாடிவிட்டது. வேலை வாங்கியவர்கள், போர் முடியும் முன்பே, செத்தவர்களின் மொழியில் அஞ்சலி எழுதியிருக்கிறார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. குற்ற உணர்ச்சியா, சடங்கா? பெயர் ஒன்றும் எழுதவில்லை என்பது மட்டும் தெரியும். அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்கள் சிலர் முயன்று, காஞ்சனபுரிக் கோயில் ஒன்றில் சயாம் ரயிலில் மாண்ட தமிழர்களுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள். அப்பா அதைப் பார்க்க இல்லை.

தமிழில் நமக்கு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது. அ. ரெங்கசாமி இதே துயரத்தை நாவலாக எழுதி, அதற்கு ‘நினைவுச்சின்னம்’ என்று பெயர் வைத்தார். கல் இல்லாத இடத்தில் புத்தகத்துக்கு அந்தப் பெயர் வைக்கத் தோன்றிய மனத்தை நான் வணங்குகிறேன்.

கல்லுக்குப் பெயர் வேண்டும், தேதி வேண்டும், பராமரிக்க ஓர் அலுவலகம் வேண்டும். கூலி ஆளுக்கு இவை மூன்றும் வாய்க்கவில்லை. வாய்த்தது, கடலுக்கு வந்து உட்காரும் மகன். அவனிடம் தேதி இல்லாவிட்டாலும் பூசாரி திருப்பி அனுப்பவில்லை. பாட்டி பொய்த் தேதியை மறுத்தாளே, அதனால்தான் தாத்தாவின் இடம் எங்கள் வீட்டில் எண்பது வருடமாகக் காலியாகவே இருக்கிறது. யாரும் அதை மூடி மெழுகவில்லை. நான் பார்த்த எந்தத் தூணையும்விட அது எனக்குப் பெரிது.

இந்த ஆண்டு என் மகளும் வந்தாள். கோலாலம்பூரிலிருந்து விடிகாலையில் காரோட்டி வந்து, ஈர மணலில் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பூசாரி இளைஞர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். திதி கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: “தெரியாதுங்க. சயாமுக்குப் போனவரு.” அவருக்கு விளங்கவில்லை. “சயாம்னா?” என்றார். பின்னால் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். மகள் அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்: ரயில், காடு, மூன்று மாதம் என்று சொன்னது, மரவள்ளிக்கிழங்கு. காத்திருந்தவர்கள் அவசரப்படுத்தவில்லை. அவர்களில் ஒரு கிழவர் “எங்க பெரியப்பாவும்மா” என்றார்.

பூசாரி பேசாமல் கேட்டு முடித்தார். மூன்று கை எள்ளும் தண்ணீரும் தாத்தாவுக்கு விட்டேன். முடிவில், தாய் தகப்பன் உறவென்று நீர் விட யாருமே இல்லாதவர்களுக்கு ஒரு கை உண்டு. வழக்கமாக அதை வேகமாக முடித்துவிடுவார்கள். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, “இது கொஞ்சம் நிறைய விடுங்க சார்” என்றார். மகள் செம்பைச் சாய்த்தாள். எள் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. கையைத் தண்ணீரில் அலசினேன். அலை அதை எடுத்துக்கொண்டு, 1606இல் கப்பல்கள் எரிந்த பக்கமாகப் பின்வாங்கியது.