அழுத பிள்ளைக்கு அம்மையே வந்தாள்



திருஞானசம்பந்தப் பெருமானின் வரலாறு நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டறிந்தது. சீர்காழியில் சிவபாதவிருதயர் தமது மூன்று வயது மகனைக் குளக்கரையில் இருத்திவிட்டு நீராட இறங்கினார். அவர் நீருள் மூழ்கியிருக்க, தந்தையைக் காணாத பிள்ளை அம்மையையும் அப்பனையும் கூவி அழுதது. தோணியப்பர் பணிக்க, உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பாலுடன் வந்து, பிள்ளையின் கண்ணீரைத் துடைத்து ஊட்டினாள். கரையேறிய தந்தை, மகனின் வாயில் பாலைக் கண்டு, யார் தந்த பால் என்று அதட்டிக் கேட்டார்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. அழுத பிள்ளையிடம் அம்மை தானே வந்தாள். பிள்ளை உண்டது எது என்று தந்தை விடாமல் கேட்டார்.

இன்று எமது வீடுகளில் பிள்ளை அழுதால் என்ன செய்கிறோம்? கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுகிறோம். அழுகை நின்றுவிடுகிறது. ஆனால் பிள்ளை அமைதி அடையவில்லை. அதன் கவனம் வேறு பக்கம் இழுக்கப்பட்டது, அவ்வளவே. கோபத்தையும் ஏமாற்றத்தையும் தாங்கிக்கொள்ளப் பிள்ளை பழகுவது, ஒருவர் மடியில் அழுது ஓயும்போதுதான். அந்தப் பழக்கம் இல்லாமல் தரம் 1இல் சேரும் பிள்ளைக்கு, தன் முறை வரும்வரை காத்திருப்பதும் ஆசிரியர் சொல் கேட்டு அமர்வதும் கடினமாகிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 3 முதல் 5 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோர், பராமரிப்பாளர் 422 பேரிடம் விசாரித்த ஆய்வு 2022 டிசம்பரில் வெளிவந்தது. அழுகையை அடக்க அடிக்கடி இக்கருவிகளைக் கொடுத்த வீடுகளில், சில மாதங்களின் பின் பிள்ளைகளின் சீற்றமும் கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம் தெரிந்தது. அடம்பிடிக்கும் பிள்ளைக்கே போன் அதிகம் கிடைக்கிறது என்பதும் உண்மை. எனவே முழுப்பழியையும் கருவியின் மேல் போடுவதற்கில்லை. 2 வயதுக்குக் குறைந்தோருக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

எம் மலையக வீடுகளின் நிலையையும் மறக்கலாகாது. காலையில் மலைக்குப் போகும் தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும்போது உடம்பில் தெம்பு இருப்பதில்லை. சில தாய்மார் மத்திய கிழக்கில் உழைக்கின்றனர். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. அப்பிள்ளைக்குப் போனில்தான் தாயின் முகம் தெரிகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் பாடமும் போன் வழியேதான் வந்தது. சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளும் உண்டு. ஆகவே போனை வீட்டைவிட்டு விரட்டச் சொல்லவில்லை. தாயோடு பேசுவதற்கும் பாடத்துக்கும் கொடுப்பது வேறு; பிள்ளையின் வாயை அடைக்கக் கொடுப்பது வேறு.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சோறு ஊட்டும்போதும் தூங்க வைக்கும்போதும் போன் வேண்டாம். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். மழையைக் காட்டுங்கள், பேசுங்கள். வளர்ந்த பிள்ளையிடமிருந்து திடீரெனப் பறிக்காமல், நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாலையில் விளக்கேற்றும் வேளையில் வீட்டிலுள்ள போன்கள் யாவும் சாமித்தட்டின் அருகே இருக்கட்டும். முதலில் அப்பாவின் போன் அங்கே போகட்டும். சிவபாதவிருதயர் கேட்டதுபோல, இன்று என்ன பார்த்தாய், யார் அனுப்பியது என்று தினமும் கேளுங்கள். பயந்து மறைக்கும்படி கேட்காமல், சொல்லத் துணியும்படி கேளுங்கள். பிள்ளையை எவரேனும் மிரட்டினாலோ துன்புறுத்தினாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

ஆலயத்துக்கு வரும்போதும் பிள்ளை சத்தமிடாதிருக்கப் போனைக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். மணியடிக்கட்டும், பூக்கட்டட்டும், பிரசாதம் பகிரட்டும். சற்றுச் சத்தம் போட்டாலும் அம்பாள் கோபிக்கமாட்டாள். அழுகுரல் கேட்டு ஓடிவந்தவள் அவள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லறிவும் நற்குணமும் வாய்க்க அம்பாளின் திருவருள் துணைநிற்பதாக.