திரும்பும் துணிவு

உயர்ந்த மலையின் உச்சியை நாடிப் புறப்பட்ட ஒருவன், உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பிவிட்டால் அவன் தோற்றவனா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, வாழ்வின் அறம் பற்றிய வினாவே ஆகும்.

சபா மாநிலத்துக் கினபாலு மலையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 4,095 மீட்டர். பலரும் இடையே ஓரிரவு தங்கியே ஏறுவர். ஒரே நாளில் ஏறி இறங்கியோரும் உளர். ஒரு பகலுக்குள் முடிக்க எண்ணுபவனுக்குப் பொழுதே பெருஞ்செல்வம். நண்பகலுக்குப் பின் முகில் சூழ்ந்து மழை பொழிவது அங்கே இயல்பு. நனைந்த கருங்கற்பாறை காலை வழுக்கும். உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளியோ, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. தலைவலியும் குமட்டலும் தோன்றலாம். நோய் முற்றினால் அறிவும் தடுமாறும். அப்போது உறுதியான மருந்து கீழே இறங்குவதே.

விடாமுயற்சியே வெற்றி தரும் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அது தவறன்று. ஆயினும், ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனோடு அமையவில்லை. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இம்மூன்றையும் அறியாத ஊக்கம் பிடிவாதமாகிவிடும். அதன் விலையை அவன் மட்டுமா கொடுக்கிறான்? உடன்வந்த தோழரும், அவனைத் தேடி இருளில் ஏறும் வழிகாட்டியும் கொடுக்க நேரும். தனியொருவன் விருப்பம் அறச்சிக்கலாவது இங்கேதான்.

அறிவு எல்லா இடரையும் தடுத்துவிடும் என்பதன்று. 2015 ஜூன் 5ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கம் அம்மலையில் 18 உயிர்களைப் பறித்தது. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர்களும் மலை வழிகாட்டிகளும் அவர்களுள் இருந்தனர். அது எவர் பிழையும் அன்று. தடுக்கவியலாத இடர் உண்டு என்பதனாலேயே, தடுக்கக்கூடியதைத் தடுப்பது நம் கடமையாகிறது.

அப்படியாயின் அறிவையும் அச்சத்தையும் எவ்வாறு பிரித்தறிவது? அஞ்சுபவன் வழியில் களைப்பு வந்ததும் காரணம் தேடுகிறான். அறிவுடையவனோ அடிவாரத்திலேயே, தெளிந்த மனத்தோடு, இத்தனை மணிக்குத் திரும்புவேன் என உறுதி கொள்கிறான்; உச்சி கண்ணுக்கெதிரே நின்று அழைத்தாலும் அவ்வுறுதியைக் காக்கிறான். ஆசை மிகும் இடத்தில் தனக்குத் தானே தந்த சொல்லைக் காப்பது, ஏறுவதினும் அரிய துணிவு அன்றோ?

1851இல் ஹியூ லோ அம்மலையின் உச்சிப் பரப்பை அடைந்தார். ஆனால் மிக உயர்ந்த முனையை அவர் தொடவில்லை. 1888இல் ஜான் வைட்ஹெட் அதனை எட்டினார். எனினும், அம்முனை இன்றும் லோ சிகரம் என்றே வழங்குகிறது. தொடாதவர் பெயரைத் தாங்கி நிற்கிறது அச்சிகரம். உச்சியைத் தொட்டவரை மட்டுமே பாராட்டும் நம் வகுப்பறைகள், உரிய நேரத்தில் திரும்பியவரையும் பாராட்டக் கற்றல் வேண்டும்.