உறங்கும் முன் சொல்லும் பொய்

பகலெல்லாம் ‘பொய் சொல்லாதே’ என்று குழந்தைகளைக் கண்டிக்கும் நாமே, இரவில் விளக்கை அணைத்தவுடன் பேசும் கிளியையும் பறக்கும் கட்டிலையும் பற்றித் தயக்கமின்றிக் கூறத் தொடங்குகிறோம். இது முறைதானா என்னும் ஐயம் நமக்கு நெடுநாள் எழவில்லை. எழுந்தபோது, விடை எளிதாக இல்லை.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் மெய்யோடு வைத்து எண்ணலாம் என வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் இடமளித்திருக்கிறார் என்று சொல்லி வழக்கை முடித்துவிடலாம். ஆனால் அந்த நன்மை யாருக்கு? அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவனுக்குக் குழந்தை விரைவில் உறங்கினால் போதும். அதற்குக் கிளிக்கதையைவிடப் பூச்சாண்டியே கைகண்ட மருந்து. “கண்ணை மூடு, இல்லாவிட்டால் சன்னலுக்கு வெளியே நிற்பவன் வந்துவிடுவான்” என்றால் இரண்டே நிமிடத்தில் வீடு அடங்கிவிடும். அடங்குவது வீடுதான், போர்வைக்குள் இரு கண்கள் விழித்தே இருக்கும். தேவர்கள் வேற்றுருக் கொண்டு இரவில் திரிகிறார்கள் என்று கூறி அன்னையர் தம் மக்களைக் கோழைகளாக்கலாகாது என்று பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் எழுதி ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் ஆகின்றன. பூச்சாண்டிக்கு இன்னும் ஓய்வு கிடைத்தபாடில்லை.

குழந்தை கதையை வெளியே நின்று கேட்பதில்லை, உள்ளே புகுந்துவிடுகிறது. லீலாசுகரின் ‘கிருஷ்ண கர்ணாமிருதம்’ இதை அழகாகக் காட்டுகிறது. யசோதை கண்ணனை உறங்க வைப்பதற்காக இராமன் கதையைக் கூறுகிறாள். அவனும் ‘உம்’ கொட்டிக்கொண்டே வருகிறான். இராவணன் சீதையைக் கவர்ந்தான் என்ற இடம் வந்ததும் துள்ளியெழுந்து, இலக்குவனை விளித்து, வில் எங்கே என்று கேட்கிறான்! வடபுலத்துச் சூர்தாசரும் இந்நிகழ்ச்சியைப் பாடியிருக்கிறார். அது அவதார நினைவு என்பர் பக்தர். நமக்கோ, எந்த வீட்டிலும் எந்தக் குழந்தையும் அப்படித்தான் எழும் என்று தோன்றுகிறது. உறங்க வைக்கச் சொன்ன கதை உலுக்கி எழுப்பிவிட்டதே என்று அந்தத் தாய் எவ்வளவு திகைத்திருப்பாள்!

அத்திகைப்பை நாமும் அறிந்தோம். நம் இளைய மகள் ஆறு வயதில் இருட்டுக்கு அஞ்சினாள். தில்லிக் குடியிருப்பில் மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் அவளைக் கண்களை மூடச் சொல்லி, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருவையாற்றுக்கு அழைத்துச் செல்வோம். “இதோ புஷ்ய மண்டபப் படித்துறை. ஒவ்வொரு படியாக இறங்கு. இந்தப் படியில் ஈரம் இருக்கிறது. இப்போது கணுக்கால் வரை தண்ணீர். சில்லென்று இருக்கிறதா? மூச்சை மெல்ல விடு. அலை விலகிப் போகிறது.” ஏழாவது படியில் ‘உம்’ நின்றுவிடும். சில மாதங்களில் அச்சமும் நீங்கியது. நமக்கு உள்ளூரப் பெருமைதான்.

பிறகு ஒரு கோடை விடுமுறையில் அவளை உண்மையாகவே அழைத்துச் சென்றோம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் 12. நாம் சென்றதோ மே மாதம். படித்துறைக்குக் கீழே ஆறு முழுவதும் வெண்மணல், நண்பகல் வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. அவள் படிகளை எண்ணி இறங்கினாள். ஏழாவதில் நின்று திரும்பிப் பார்த்து, “தண்ணி எங்கேப்பா?” என்றாள்.

அணையைப் பற்றியும் பருவத்தைப் பற்றியும் விளக்கினோம். அவள் மறுத்து ஒன்றும் பேசவில்லை. அதுதான் வருத்தியது.

பேசும் கிளி எங்கே வசிக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கிளி பேசும் உலகம் வேறு என்பது குழந்தைக்குத் தெரிந்தே இருக்கிறது. அங்கே ஏமாறுவாருமில்லை, ஏமாற்றுவாருமில்லை. ஆற்றின் செய்தி அப்படியன்று. இரு கரையும் தொட்டு நீர் ஓடியதை நம் சிறுவயதில் ஆடி மாதத்தில் கண்டதுண்டு. ‘அன்று ஓடியது’ என்று கூற வேண்டியதை ‘ஓடுகிறது’ என்று கூறிவிட்டோம். அவள் அச்சத்துக்கு மருந்து என்று எண்ணி நம் ஊர் ஏக்கத்தையும் அதில் கலந்து புகட்டியிருக்கிறோம். மருந்து பலித்தது என்பதனால் கலப்படம் இல்லையென்று ஆகிவிடுமா? கற்பனை செய்தது நம் குற்றமன்று. கற்பனையை உள்ளது என்று கொடுத்ததே குற்றம் என்று இன்று படுகிறது. ஆயினும், அந்த நீரில்லாமல் அவள் அந்த இருட்டைக் கடந்திருப்பாளா என்றால், அதற்கும் நம்மிடம் விடையில்லை.

அன்றிரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். படித்துறைக்குப் போகலாமா என்று சற்றுக் கூச்சத்துடன்தான் கேட்டோம். சிறிது நேரம் யோசித்தாள்.

“போகலாம்பா. ஆனா இன்னிக்குத் தண்ணி விடாதீங்க. மணல்லேயே நடக்கலாம்.”

படிகளை எண்ணி இறங்கினோம். மணலில் பகலின் சூடு இன்னும் இருந்தது. கால் புதைந்து புதைந்து எழுந்தது. அக்கரைத் தென்னைகள் தெரியத் தொடங்கிய இடத்தில் அவளுடைய ‘உம்’ நின்றது.