தோற்றவனின் மரியாதை

என் அக்கா மகன் பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கான கிரிக்கெட் லீகில் ஆடுகிறான். இந்த வருஷ ஆட்டங்கள் தொடங்குமுன் பையன்கள் எல்லோரிடமும் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். நன்னடத்தை உறுதிமொழி. அம்பயரின் முடிவை எதிர்த்துப் பேசமாட்டேன். எதிரணியைக் கேலி செய்யமாட்டேன். மட்டையைத் தரையில் அடிக்கமாட்டேன். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்குவேன் – இப்படிப் பத்து அம்சங்கள். கீழே பையன் கையெழுத்து. அதற்கும் கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலர். அவன் அப்பா வெளியூரில் இருப்பதால் தாள் என்னிடம் வந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்:

“மாமா, அவுட்னு எனக்கே தெரிஞ்சா நானா வெளிய போகணும்னு இதுல எங்கயும் போடலியே. போகணுமா, வேண்டாமா?”

பேனாவை மூடி வைத்தேன். நாளைக்குத் தருகிறேன் என்றேன். அந்த ‘நாளை’ ஒரு வாரமாயிற்று. அந்த ஒரு வாரத்தில் யோசித்ததுதான் இது.

தாளை மறுபடியும் படித்தால் ஒன்று தெரிகிறது. அதிலுள்ள பத்தும் கண்ணால் பார்க்கக்கூடியவை. கத்தினானா, கைகுலுக்கினானா, மட்டையை அடித்தானா என்பதற்கு மைதானத்தில் இருக்கிற எவரும் சாட்சி சொல்லலாம். மட்டையின் விளிம்பில் பந்து உரசியதா என்பது அப்படி இல்லை. பல சமயம் அது மட்டை பிடித்தவனின் விரல்களுக்கு மட்டுமே தெரியும். உறுதிமொழி நடத்தையைப் பற்றியது. பையன் கேட்டது நேர்மையைப் பற்றியது. இரண்டையும் ஒரே பெயரில் நாம் அழைத்துவருகிறோம் என்பதுதான் குழப்பத்தின் ஆரம்பம் என்று எனக்குப் படுகிறது.

நான் வங்கியில் பணக் கவுண்டரில் உட்காருகிறவன். சாயங்காலம் இருப்பும் கணக்கும் நேராயிருந்தால் என்னை யாரும் நேர்மையானவன் என்று சொல்வதில்லை. கணக்கு சரி என்பார்கள், அவ்வளவுதான். குறைந்தால் கையிலிருந்து போடவேண்டும் என்கிற ஏற்பாட்டுக்குள் இருக்கிறவனுடைய நேர்மையைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. ஆனால் என்றைக்காவது ஒரு கிழவி வாசல்வரை போய்விட்டு, ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்று அதிகமாக வந்துவிட்டது என்று திரும்பி வருகிறாள். அவள் வராவிட்டால் சாயங்காலம் ஐநூறு குறையும். யாரிடம் போயிற்று என்று எனக்குத் தெரியவே போவதில்லை. அந்த நடை – வாசலிலிருந்து கவுண்டர்வரை – ஏற்பாட்டுக்கு வெளியே நடக்கிறது. அறம் என்ற சொல்லை நான் உபயோகிப்பதானால் அந்தப் பத்தடிக்குத்தான் உபயோகிப்பேன்.

கிரிக்கெட்டின் விதிகளுக்குள்ளேயே இந்தப் பத்தடிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். யாராவது அப்பீல் செய்யாமல் அம்பயர் அவுட் கொடுக்கக்கூடாது என்கிறது 31ஆம் விதி. உடனேயே, விதிப்படி அவுட்டான மட்டையாளர் அப்பீலுக்குக் காத்திராமல் தானாகவே வெளியேறுவதை இது தடுக்காது என்றும் சொல்கிறது. போ என்று சொல்லவில்லை. போனால் தடுக்கமாட்டேன் என்கிறது. ஒரு சட்டம் தன் எல்லையை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பது அபூர்வம். பெரியவர்களின் ஆட்டத்தில் இப்போது இந்த இடம் சுருங்கிவிட்டது. 2008ல் பரிசோதனையாக வந்த மறுபரிசீலனை முறை, மட்டைக்கும் பந்துக்கும் நடுவேயுள்ள ரகசியத்தை ஒலிக்கோடாகத் திரையில் காட்டிவிடுகிறது. இரண்டு நிமிஷத்தில் அகப்பட்டுக்கொள்ளப் போகிறவன் தானாகப் போனால் அது புத்திசாலித்தனம். அந்தக் கருவிகள் எதுவும் எட்டாத பையன்களின் மைதானத்தில்தான் அந்தப் பத்தடி முழுசாக மிச்சமிருக்கிறது.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு வந்தால் உடனே விஸ்வநாத்தைச் சொல்வார்கள். 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து ஐந்து விக்கெட்டை இழந்து தத்தளித்த நேரம். பாப் டெய்லரைக் கீப்பர் பிடித்ததாக அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று கேப்டன் விஸ்வநாத்துக்குத் தோன்றிற்று. அப்பீலைத் திரும்பப் பெற்று டெய்லரைக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இதைப் பெருந்தன்மை என்று சொல்லிச் சொல்லி ஒரு நீதிக்கதையாக்கிவிட்டோம். எனக்கு இதில் பெருந்தன்மை எதுவும் தென்படவில்லை. தன்னுடையதைக் கொடுப்பது பெருந்தன்மை. டெய்லரின் விக்கெட் விஸ்வநாத்துடையது அல்ல. அவர் கைக்குத் தவறுதலாக வந்தது. அவர் திருப்பிக் கொடுத்தார், கிழவி ஐநூறைக் கொடுத்ததுபோல. சாதாரண நேர்மையைப் பெருந்தன்மை என்று உயர்த்தி வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பெருந்தன்மை எல்லோருக்கும் கட்டாயமில்லை அல்லவா?

எதிர்த்திசையிலிருந்து ஒரு உதாரணம். 2016 பிப்ரவரி, வங்காளதேசத்தில் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களின் உலகக்கோப்பை. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஜிம்பாப்வேக்கும் சிட்டகாங்கில் ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் காலிறுதிக்குப் போவார்கள். கடைசி ஓவர், கடைசி விக்கெட், ஜிம்பாப்வேக்கு மூன்று ரன் வேண்டும். கீமோ பால் ஓடி வருகிறான். பந்தை எறியாமல் தன் பக்கத்து ஸ்டம்பைத் தட்டிவிடுகிறான். எதிர்முனையில் நின்ற பையனின் மட்டை கோட்டின் மேலேயே இருக்கிறது, உள்ளே இல்லை. அப்பீலை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேப்டனைக் கேட்கிறார்கள். ஆம் என்கிறான். அவுட். இரண்டு ரன் வித்தியாசத்தில் வெற்றி. அந்த அணி கோப்பையையே ஜெயித்தது. பெரியவர்களில் பலர் அந்தப் பையன்கள் மேல் பாய்ந்தார்கள். விதிப்படி சரிதான், ஆனால் கிரிக்கெட்டின் ஆன்மா போயிற்று என்றார்கள்.

இந்த ஆன்மா எங்கே இருக்கிறது? 2000ல் விதிப்புத்தகத்துக்கு ஒரு முன்னுரை சேர்த்து அதில் வைத்தார்கள். விதிகளுக்கு வெளியே, ஆனால் அவற்றுக்கு மேலே. இப்படி ரன் அவுட் செய்வதற்கு 1947ல் சிட்னியில் பில் பிரௌனை ஆட்டமிழக்கச் செய்த வினூ மன்கடின் பெயர் வந்தது. அதே பயணத்தில் முன்னரே ஒரு ஆட்டத்தில் பிரௌனை அவர் எச்சரித்திருந்தார். பிராட்மன் தம் சுயசரிதத்தில் மன்கடின் பக்கமே பேசினார். இருந்தும், கோட்டைத் தாண்டித் திருட்டுத்தனமாக முன்னேறியவனின் பெயர் அதற்கு ஒட்டவில்லை. அவனைப் பிடித்தவனின் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் அஸ்வின் 2019ல் ஜெய்ப்பூரில் பட்லரை இப்படி அவுட்டாக்கிவிட்டு, விதியில் இருப்பதைச் செய்ததற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்ற தோரணையில் நின்றபோது பலருக்குத் தாங்கவில்லை. 2022 அக்டோபரில் விதிப்புத்தகத்தைத் திருத்தி, இந்த ரன் அவுட்டை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட்டுகளோடு, 38ஆம் விதியில் வைத்தார்கள். செயல் அதே செயல். இடம் மட்டும் மாறியிருக்கிறது. 2016ல் பாவமாக இருந்தது 2022ல் ரன் அவுட்டாகிவிட்டால், அது பாவமாக இருந்ததே இல்லை. ஒரு கூட்டத்தின் வழக்கம் தன்னை அறம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

யாருடைய வழக்கம்? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பணக்காரப் பள்ளிகளில் உருவானது. தாமஸ் ஹியூஸ் 1857ல் எழுதிய டாம் பிரௌன் நாவலைப் படித்தவர்களுக்கு இது தெரியும். ஆளப்போகிற பையன்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஆளப்படுகிறவர்களின் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963ல் எழுதிய ‘பியாண்ட் எ பவுண்டரி’யில் டிரினிடாடில் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறார். வகுப்பில் அந்தப் பையன்கள் கூச்சமில்லாமல் பொய் சொன்னார்கள், காப்பியடித்தார்கள். மைதானத்தில் இறங்கியதும் அம்பயர் தவறாகக் கொடுத்தாலும் மறுபேச்சுப் பேசாமல் வெளியேறினார்கள். இதைக் காலனிய அடிமைத்தனம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். மார்க்ஸியவாதியான ஜேம்ஸ் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் விசேஷம். அமெரிக்காவில் கல்லூரி கூடைப்பந்து மாணவர்கள் காசு வாங்கிக்கொண்டு ஆடியது வெளியானபோது, இதிலென்ன பெரிய தப்பு என்று தோழர்கள் கேட்டது அவரை உலுக்கிவிட்டது. தனக்குள் அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் கண்டுகொள்கிறார். அதைப் பிடுங்கி எறியவும் அவருக்கு மனமில்லை.

ஜேம்ஸோடு இதுவரை வந்துவிட்டு, இங்கே நான் என் சொந்தக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் படிப்பு.

எனக்குப் பதினைந்து வயது. எங்கள் தெருப் பையன்களுக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பையன்களுக்கும் ஆட்டம். அம்பயருக்கு எங்கே போவது? மட்டை பிடிக்கிற அணியிலிருந்து இரண்டு பேர் நிற்பதுதான் வழக்கம். நான் நின்றேன். எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரன் இரண்டாவது ரன்னுக்கு ஓடி, கோட்டுக்கு ஒரு முழம் வெளியே இருக்கும்போது கீப்பர் ஸ்டம்பை அடித்தான். எந்தச் சந்தேகமும் இல்லை. நான் தலையை ஆட்டி, இல்லை என்றேன். கீப்பர் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ஸ்டம்பை நட்டு, பெயில்ஸைப் பொறுக்கி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். நாங்கள் ஜெயித்தோம். முடிந்ததும் அவன் வரிசையாக எல்லோருக்கும் கைகொடுத்தான், எனக்கும். எங்கள் ஆட்டக்காரன் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கித் தந்தான், குடித்தேன்.

என் அக்கா மகனிடம் கொடுத்திருக்கும் தாளின்படி பார்த்தால், அன்று மைதானத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை. யாரும் அம்பயரை எதிர்த்துப் பேசவில்லை, யாரையும் கேலி செய்யவில்லை, எல்லோரும் கைகுலுக்கினோம். பத்து அம்சமும் நிறைவேறியது. அவனுடைய நன்னடத்தை என்னுடைய பொய்க்குக் காவல் நின்றது. அவன் கத்தியிருந்தால், ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், ஒருவேளை நான் அன்றைக்கே பிடிபட்டிருப்பேன்.

ஆகவே, தோற்றவனிடம் மட்டும் மரியாதையை எதிர்பார்க்கிற எந்த உறுதிமொழியையும் நான் சந்தேகிக்கிறேன். அது தீர்ப்புச் சொல்கிறவனின் வேலையைச் சுலபமாக்குகிறது. பையன்களின் தாளில் அம்பயருக்கு ஒரு அம்சமும் இல்லை. கோச்சுக்கு இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்று, ‘போகாதே, நில்லுடா’ என்று கத்துகிற அப்பன்மாருக்கு இல்லை. பையன்களின் வயதுச் சான்றிதழைத் திருத்திக் கொண்டுவருகிற பெரியவர்களுக்கு இல்லை. (இது லஞ்ச ஊழலைப் போன்ற ஒன்று என்று 2015ல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் பேசினார். ஒரு பையனுக்கு முதல் பாடமாகப் பொய்யைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் அவர் கவலை.) மேலிருப்பவர்கள் கீழிருப்பவர்களிடம் வாங்கிக்கொள்ளும் சத்தியங்கள் இப்படித்தான் இருக்கும்.

அப்படியானால் தாளைக் கிழித்துவிடலாமா? இந்த இடத்தில்தான் நான் அந்த ஒரு வாரம் நின்றுவிட்டேன். ஏனென்றால் இத்தனை வருஷம் கழித்து எனக்கு நினைவிருப்பது சோடாவின் ருசி அல்ல, அந்தக் கை. அவன் கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். என் பக்கமும் ஒரு நியாயம் முளைத்திருக்கும். நாலு நாளில் எனக்கே நான் சொன்னது உண்மை என்று ஆகியிருக்கும். அவன் சண்டை போடாததால் என் பொய்க்குச் சாய்ந்துகொள்ள எதுவும் கிடைக்கவில்லை. அது அன்றிலிருந்து தனியாக நிற்கிறது. அவன் இதை எண்ணிச் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். யாரோ சொல்லிக்கொடுத்த பழக்கமாக இருக்கலாம். நியாயமான காரியங்களைச் செய்து செய்துதான் மனிதன் நியாயவானாகிறான் என்பது அரிஸ்டாட்டிலின் கட்சி. கான்ட் இதற்கு முகம் சுளிப்பார். வெறும் பழக்கத்தால் கொடுக்கப்பட்ட கைக்கு அவரிடம் மதிப்பெண் இல்லை. எனக்கு அந்தக் கையின் உள்நோக்கம் தெரியாது. அது என்னை என்ன செய்தது என்று மட்டும் தெரியும். ஆனால் இதைச் சொல்லி அவனுக்கு நடந்த அநியாயத்தைச் சரிக்கட்ட முடியாது. என் மனசாட்சிக்குக் கிடைத்த லாபத்துக்கு அவன் தன் ஆட்டத்தை விலையாகக் கொடுத்திருக்கிறான்.

சனிக்கிழமை ராத்திரி பையனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன், சோடா உட்பட. அவன் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் ஒன்றுதான் இருந்தது: உன் விரலுக்குத் தெரிந்துவிட்டால் போ, போகச் சொல்லித் தாளில் இல்லாததால்தான் போகவேண்டும். இன்னொன்றும் சொன்னேன். என்றைக்காவது நீ அம்பயராக நிற்பாய். இந்தத் தாள் அன்றைக்கு உனக்கு உதவாது.

அவன் கொஞ்ச நேரம் மட்டைப் பிடியின் ரப்பரை உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். பிறகு, “அந்தக் கீப்பர் பேரு என்ன மாமா?” என்றான்.

எனக்குத் தெரியாது. அன்று கேட்டுவைக்கத் தோன்றவில்லை. பாதுகாவலர் என்றிருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.