தக்கை அசையும் நேரம்

ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மீனும் இருக்கிறது. ஆனாலும் எந்நேரமும் தூண்டிலின் தக்கை அசைவதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியோ வேறெந்த ஏரியோ, கணக்கு ஒன்றுதான்.

இரவில் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடியலுக்குச் சற்று முன் நீரில் அது மிகவும் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பது அப்போது மூச்சுக்காக, இரைக்காக அல்ல. வெயில் ஏறப் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். மீனுக்குப் பசியும் திரும்பும். உச்சிவெயிலில் நீர் சூடேறினால் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். மழை பெய்து வரத்துக்காலில் புதுத்தண்ணீர் வந்தால், கெண்டையும் கெளுத்தியும் அதை எதிர்த்து ஏறும்.

பட்டு நெசவாளருக்கும் இந்தக் கணக்கு தெரியும். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டுவது விடிகாலையில்தான். வெயில் ஏறினால் இழை காய்ந்து அறும். தூறல் விழுந்தால் அன்றைய வேலையே நின்றுபோகும். அதற்காக அவர் தறியைக் குறை சொல்வதில்லை. மறுநாள் விடியலில் மீண்டும் தெருவுக்கு வருகிறார்.

'காலம் அறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் கொக்கைக் காட்டுவதும் இதற்குத்தான். அது சும்மா நிற்பதில்லை. நீரைப் பார்த்தபடி நிற்கிறது.

முயற்சி வெறுங்கையோடு திரும்பினால், தூண்டிலை முறித்துப் போடாதீர்கள். போட்ட நேரம் சரிதானா என்று பாருங்கள்.